மரத்தன்னாசி பிடித்த தோள்

பவளக்கொடியோட இடது தோள்ல அந்தச் செடி வேர் பிடிச்ச அன்னிக்குத்தான் என்னோட இடது தோள்ல வலி எடுக்க ஆரம்பிச்சது. மத்தவகளுக்குப் பொறாமை வந்தா வயிறு எரியும்னு சொல்லுவாக, எனக்கு வயிறு நல்லாத்தான் இருந்துச்சு, மூணு வேளையும் நல்லாத் திம்பேன், தோள்தான் நாலு வருசமா தைலத்துக்கும் அடங்காம ஒத்தடத்துக்கும் அடங்காம விண்ணு விண்ணுன்னு தெறிச்சுக்கிட்டுக் கெடந்துச்சு. யாரோ சொல்லி நீங்க கேக்குறதுக்கு முன்னாடி நானே சொல்லிர்றேன். அவ என் ஓரகத்தி, என் கொழுந்தன் போத்திராஜு பொண்டாட்டி, எனக்கு எட்டு வயசு எளையவ, ஒரே கூரைக்குக் கீழ ரெண்டு அடுப்பு வச்சுப் பொங்குறோம், அவ மேல எனக்குப் பொறாமை. பேரைப் பாருங்களேன், பவளக்கொடியாம். எனக்கு வச்ச பேரு நல்லக்கா.

எங்க ஊரு பெருங்கானல். வத்தலக்குண்டுல பஸ் ஏறி, வளைவு வளைவா ஏறி, காது அடைச்சு, காது தெறந்து, மறுபடி அடைச்சா ஊரு வந்துருச்சுன்னு அர்த்தம். காப்பித் தோட்டம், ஆரஞ்சு, மலைவாழை, அம்புட்டுத்தான் ஊரு. அந்தக் காலத்துல இங்க தோட்டம் போட்ட வெள்ளக்காரன் ஒருத்தன் கப்பல்ல கொண்டாந்து பலா மரங்கள்ல கட்டிவிட்டானாம் அந்தச் செடிய. பாக்க அன்னாசி மாதிரி இருக்கும், ஆனா மண்ணுல நிக்காது, மரத்து மேலதான் உக்காரும், மரத்துகிட்ட இருந்து ஒரு சொட்டு எடுத்துக்காது, வேரு சும்மா பிடிச்சுக்கிட்டு நிக்கத்தான், மழைத் தண்ணியயும் விழுகுற சருகையும் தன் நடுக்குழியில வாங்கி வச்சுக்கிட்டு அதையே குடிச்சு அதையே தின்னு பொழைச்சுக்கும். நாங்க அதை மரத்தன்னாசின்னு சொல்லுவோம். ஒரு காலத்துல மரத்துக்கு மரம் இருந்துச்சுன்னு சொல்லுவாக. மரத்தை வெட்டினாக, செடி போச்சு, டவுன்காரக வந்து பால்கனியில தொங்கவிடப் பிச்சுக்கிட்டுப் போனாக, செடி போச்சு, கடைசியில மேட்டுப் பலாவுல ஒண்ணே ஒண்ணு நின்னுச்சு.

அந்தப் பலாவும் ஒரு ஐப்பசி மழையில சாஞ்சுபோச்சு. காப்பிக்குக் களை எடுக்கப் போன பவளம், சேத்துல தலைகீழாக் கெடந்த செடியப் பாத்து, ஐயோ பாவம்னு எடுத்து, ரெண்டு கையிலயும் மம்பட்டியும் கூடையும் இருந்ததால தோள் மேல வச்சுக்கிட்டு வீட்டுக்கு வந்தா. அதே தடத்துல அவளுக்கு அரை மணி நேரம் முன்னாடி நான் போனேன். அந்தச் செடிய நானும் பாத்தேன். காலால ஒதுக்கிட்டு வந்தேன். அது வேற கதையில்ல, இதே கதைதான்.

வீட்டுக்கு வந்து இறக்கப் பாத்தா செடி வரலை. போத்திராஜு இழுத்துப் பாத்தான், என் வீட்டுக்காரர் சீரங்கன் இழுத்துப் பாத்தாரு, அவ கூசுது கூசுதுன்னு சிரிக்கிறாளே ஒழிய செடி அசையலை. வேரெல்லாம் தோளச் சுத்தி, அக்குள் வழியா வந்து, முதுகுல பூணூல் மாதிரி ஒரு வரி ஓடிப் பிடிச்சிருச்சு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம். நர்சம்மா தொட்டுப் பாத்து, அமுக்கிப் பாத்து, "ரத்தம் கித்தம் எடுக்கலைம்மா, சும்மா பிடிச்சிருக்கு. வலிக்குதா?"ன்னாக. "இல்லைங்க, லேசாக் குளுகுளுன்னு இருக்கு"ன்னா இவ. சத்து மாத்திரை எழுதிக் குடுத்து அனுப்பிட்டாக. திரும்பி வரையில பஸ்ல எனக்குத் தோள் தெறிக்குது. நான் காட்டிக்கலை.

ஊரு அதுக்குப் பழகினதைத்தான் சொல்லணும். ஒரு வாரம் வேடிக்கை பாத்தாக, அடுத்த வாரம் வேலையப் பாத்தாக. தையக்கடை லூர்துசாமி அவளுக்குன்னு இடது தோள் தெறந்தாப்புல ஜாக்கெட் வெட்டிக் குடுத்தாரு, அது நல்லா இருக்கேன்னு செடி இல்லாத பொண்ணுக நாலு பேரு அதே மாதிரி தச்சுப் போட்டாளுக. பஸ்சுல கண்டக்டரு இதை லக்கேஜுன்னு எழுதுறதா ஆளுன்னு எழுதுறதான்னு டிரைவரோட ரெண்டு வளைவு தூரம் வாக்குவாதம் பண்ணி, ஆளு மேல இருக்கையில அது நகை மாதிரின்னு முடிவு பண்ணி விட்டுட்டாரு. குனிஞ்சா தண்ணி சிந்திரும்ங்கிறதால அவ யாருக்கும் குனியமாட்டா. ஊர்ப் பெரியவுக வந்தாலும் நேரா நிப்பா, கோயில்லயும் நேரா நிப்பா, பூசாரி இவ நெத்திக்குத் துன்னூறு பூச ஒரு கல்லைத் தூக்கிப் போட்டு அது மேல ஏறி நின்னு பூசுவாரு. அந்தக் கல்லு இன்னும் அங்கதான் கெடக்கு. எங்களுக்கெல்லாம் குனிஞ்சு நீட்டின கையில ஒரு சிட்டிகை.

அதோட விட்டுச்சா? குழித் தண்ணியில ஒரு மரத்தவளை வந்து குடியேறிருச்சு, கட்டைவிரல் நகம் தண்டி இருக்கும், முட்டை போட்டு, தலைப்பிரட்டை விட்டு, குடும்பம் நடத்துது. மழைக்கு முந்தின நாளு அது கத்தும். தப்பவே தப்பாது. அம்புட்டுத்தான், காப்பி காயப் போடணும்னா பவளத்தைக் கேளு, கல்யாணத்துக்குப் பந்தல் போடணும்னா பவளத்தைக் கேளு, காலங்காத்தால எங்க வாசல்ல பத்துப் பேரு நின்னு அவ தோள்கிட்டக் காதை வச்சுக் கேப்பாக. நான் வாசத் தெளிக்க வாளியோட நிப்பேன். "நல்லக்கா, கொஞ்சம் சத்தம் போடாம இரேன், தவளை பேசுறது கேக்கலை"ம்பாக. என் வீட்டு வாசல்ல, என் வாளிய வச்சுக்கிட்டு, நான் சத்தம் போடக்கூடாது!

ஏன்னா அதுக்கு முன்னாடி அந்த வாசல்ல ஆளு நின்னா எனக்காகத்தான் நிப்பாக. நான் மூட்டம் போடுறவ. மூட்டம்னா என்னன்னு தெரியாதவகளுக்குச் சொல்றேன். வெட்டின வாழைத்தாரை எங்க வீட்டுப் பின்னாடி இருக்குற மண்ணறையில அடுக்கி, ஒரு சட்டியில சருகையும் தேங்காய் மட்டையயும் போட்டுப் புகைய விட்டு, கதவு இடுக்கையெல்லாம் களிமண்ணு வச்சு அடைச்சிரணும், பொழுது பாத்துத் தெறக்கணும், முந்தித் தெறந்தா காய், பிந்தித் தெறந்தா கூழு. கதவுல மூக்கை வச்சு ஒரு மூச்சு இழுத்தா எனக்குத் தெரிஞ்சுபோகும். இந்த மலையில என் மூட்டத்துக்கு ஈடு கெடையாது, நானே சொல்லக்கூடாது, ஆனா வேற யாரும் சொல்லமாட்டேங்கிறாகளே. முன்னெல்லாம் தாரு அடுக்க பவளம்தான் கூட வருவா. செடி வந்த பெறகு, "பழ வாசம் ஆகலைக்கா, இது எலையெல்லாம் ஒரு மாதிரி கூம்புது, நான் வரலை"ன்னு நின்னுட்டா. சரிதான், ராணியம்மா தாரு தூக்குவாகளான்னு நெனச்சுக்கிட்டேன். அம்பது தாரையும் நானே அடுக்கினேன், இந்தத் தோளை வச்சுக்கிட்டு.

நாலாம் வருசம் ஜெசிந்தா மேடம் வந்தாக. கீழ ஒரு காலேஜுல செடிகொடிப் பாடம் சொல்லிக் குடுக்குறவக. பவளத்தோட தோளைப் பாத்ததும் அந்தம்மா மண்ணுலயே உக்காந்துட்டாக. கண்ணுல தண்ணி. அப்புறம் எங்க எல்லாத்தையும் கூப்பிட்டு வச்சுச் சொன்னாக.

"இதோட சொந்தக் காடு அழிஞ்சு முப்பது வருசமாச்சும்மா. உலகத்துலயே இப்ப ரெண்டுதான் இருக்கு. ஒண்ணு தூர தேசத்துல ஒரு கண்ணாடி வீட்டுக்குள்ள. இன்னொண்ணு இவங்க தோள்ல. பிறந்து பதினஞ்சு வருசம் கழிச்சு ஒரே ஒரு தடவை பூக்கும், பூத்துட்டுச் செத்துடும். தன் பூவுக்குத் தன் மகரந்தம் சேராது."

"சொந்தத்துல கட்டாதுங்கிறீக"ன்னாரு என் வீட்டுக்காரர்.

"அதேதான். அந்தச் செடியும் இந்தச் செடியும் ஒரே வயசு. ரெண்டும் இன்னும் ரெண்டு வருசத்துல ஒண்ணாப் பூக்கணும். அங்கிருந்து மகரந்தத்தைக் கொண்டாந்து இங்க சேத்தா விதை வரும், விதை வந்தா இந்த இனம் பொழைக்கும். அதுவரைக்கும் ஒண்ணே ஒண்ணு கவனமா இருங்க. பழுத்த பழம் பக்கத்துல இருந்தா, அந்த வாடைக்கே இது அவசரப்பட்டுப் பூத்துடும். உங்க வீட்டுல மூட்டம் வேற போடுறீங்க. அந்தப் பக்கமே போயிடாதீங்க பவளக்கொடி."

"நான் போறதே இல்லை மேடம்"னா இவ. இவ யாரும் சொல்லாமலே தெரிஞ்சு வச்சிருந்திருக்கா, செடியே சொல்லியிருக்கு.

பேப்பர்ல படம் வந்துச்சு. மேடம் எடுத்தப்போ நானும் பக்கத்துலதான் நின்னேன், பட்டுச்சேலை கட்டி, தலைக்குப் பூ வச்சு. பேப்பர்ல பவளம் முழுசா இருக்கா, செடி முழுசா இருக்கு, தவளை கூட இருக்கு, ஓரத்துல ஒரு முழங்கை இருக்கு. அது என்னோடது. அந்தப் பேப்பரை ஊர்ல கடைக்குக் கடை ஒட்டினாக. டீக்கடை மேசையில ஒட்டினதுல ஒருத்தன் என் முழங்கை மேல கண்ணாடித் தம்ளரை வச்சு எடுத்த வட்டம் கூட எனக்கு ஞாபகம் இருக்கு.

மறுநாளு நான் இலவம்பஞ்சு வாங்கிட்டு வந்து ஒரு தலகாணி தச்சேன். பவளம் நாலு வருசமாப் படுக்கலை, செவுத்துல சாஞ்சு உக்காந்துக்கிட்டேதான் தூங்குவா, கழுத்து வலிக்குதும்பா. தலகாணிக்கு ஒரு பக்கம் வாய் வச்சு, உள்ள ஒரு பை வச்சுத் தச்சேன். மூட்டத்துல இருந்து நல்லாக் கனிஞ்ச மலைவாழைப் பழமா மூணு எடுத்து, வெள்ளைத் துணியில சுத்தி, பையில வச்சு, பஞ்சை மூடி, "இந்தாடி, கழுத்துக்கு அண்டக் குடுத்துக்க"ன்னு குடுத்தேன். அவ அதை வாங்கிக் கன்னத்துல வச்சுப் பாத்துட்டு, "அக்கா!"ன்னு கையப் பிடிச்சுக்கிட்டா. ஊரெல்லாம் போய்ச் சொல்லிட்டா, எங்கக்கா எனக்குத் தலகாணி தச்சுக் குடுத்துச்சுன்னு, கூடப் பொறந்தவ கூட இப்படிச் செய்யமாட்டான்னு. தண்ணிக் குழாய்ல நாலு பேரு என்னைப் புகழ்ந்தாளுக. நாலு வருசத்துல மொதமொதல்ல என்னை ஒரு வார்த்தை நல்லபடியாச் சொன்னாக, அதுவும் எதுக்கு!

பத்து நாள். தினமும் அவ காப்பிக்காட்டுக்குப் போன பெறகு மத்தியானம் பழைய பழத்தை எடுத்துட்டுப் புதுப் பழம் வைப்பேன். பதினோராம் நாளு பழைய பழத்தை எடுத்ததோட நிறுத்திட்டேன். ஒண்ணும் ஆகலை. ஒரு வாரம், ரெண்டு வாரம், ஒரு மாசம், செடி பச்சையா நின்னுச்சு, தவளை கத்துச்சு, மழை பேஞ்சுச்சு. அப்பாடா, மேடம் சொன்னது பொய்யி, நான் செஞ்சதும் பொய்யின்னு நெனச்சு, மாரியாத்தாளுக்கு ஒரு தேங்காய் ஒடைச்சேன். தேங்காய் அழுகலா இருந்துச்சு.

ஆறாவது வாரம் செடியோட நெஞ்சு சிவந்துச்சு. நடு எலையெல்லாம் அடியில இருந்து செவப்பு ஏறி, ஏறி, குங்குமத்தைக் கரைச்சு விட்டாப்புல ஆகி, அந்தச் செவப்புக்கு நடுவுல, தண்ணிக்கு மேல, ஊதாப் பூவா ஒண்ணொண்ணா எந்திரிச்சு நின்னுச்சு. ஐயோ, என்னன்னு சொல்லுவேன்! மூக்கு நீண்ட தேன்சிட்டுக எங்கிருந்தோ வந்து அவ காதைச் சுத்தி நிக்குதுக. ஊரே வேலைக்குப் போகலை. அடிவாரத்துல இருந்து வேன் வச்சு வந்தாக. கருகட்டும்னு நெனச்சு நான் வச்ச பழம், அவளை அன்னிக்கு அம்மன் மாதிரி ஆக்கிருச்சு. நான் அடுப்படியில நின்னு தோளைப் பிடிச்சுக்கிட்டு அழுதேன், அழுதது பாவத்துக்கா பொறாமைக்கான்னு கேட்டா, ரெண்டுக்கும்தான்.

ஜெசிந்தா மேடம் ஓடி வந்தாக. பூவைப் பாத்தாக, பவளத்தைப் பாத்தாக.

"ரெண்டு வருசம் முன்னாடியே பூத்துடுச்சே. அங்க அந்தச் செடியில இன்னும் மொட்டுக்கான அறிகுறி கூட இல்லையே. யாரு பழம் வச்சது? யாரும்மா?"

நான் அடுப்படி நெலையப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். பவளம் சொன்னா, "நான்தான் மேடம். ஆசையா இருந்துச்சு, மூட்ட அறைக்குப் போயி ஒரு சீப்புப் பழம் தின்னுட்டேன்."

அந்தம்மா அவளைத் திட்டின திட்டு இருக்கே. உலகத்துல இருந்த ஒண்ண உன் நாக்கு ருசிக்குத் தின்னுட்டியேன்னு கேட்டாக. ஊரும் சேந்துக்கிச்சு. தவளைகிட்டக் காதை வச்சவகளே முகத்தைத் திருப்பிக்கிட்டாக. "தீனி தின்னி"ன்னு பூசாரியே சொன்னாரு. போத்திராஜு மூணு நாளு அவளோட பேசலை. நான் வாயத் தெறக்கலை. தெறக்கலாம்னு ஒவ்வொரு நாளும் எந்திரிச்சேன், ஒவ்வொரு நாளும் அடுப்பு மூட்டி, சோறு பொங்கி, படுத்துட்டேன். திட்டு வாங்கையில கூட அவ நேரா நின்னு வாங்கினா பாருங்க, அதுக்கும் எனக்குத் தோள் தெறிச்சுச்சு, அப்படி ஒரு பொறப்பு நான்.

பூ உதுந்துச்சு. விதை வரலை. எலை ஒவ்வொண்ணா வெளுத்து, குழியில தண்ணி நிக்கமாட்டாம ஒழுகி, தவளை குடும்பத்தோட எறங்கி எங்கிட்டோ போயிருச்சு. காயுற நேரத்துல அடியில ஒரு குட்டி விட்டுச்சு, சுண்டுவிரல் நீளம் பச்சையா. மேடம் வந்து பாத்து, கொஞ்சம் முகம் தெளிஞ்சு, "இது இருக்குற வரைக்கும் இனம் இருக்கு. கண்ணாடி வீட்டுச் செடியையும் இப்பவே பழ வாடை காட்டிப் பூக்க வச்சா அதுவும் ஒரு குட்டி விடும். ரெண்டும் ஒண்ணாப் பூக்க இன்னும் பதினஞ்சு வருசம். ஆனா தாய் இருந்த இடத்துல இது நிக்காது, வேற இடம் வேணும்"னாக.

மரத்துல வச்சுப் பாத்தாக, வழுக்கி விழுந்துச்சு. ஊர்ல ஒவ்வொருத்தரா வந்து தோளக் காட்டினாக. பஞ்சாயத்துத் தலைவரு சட்டையக் கழட்டிட்டு உக்காந்தாரு, செடி அவரு தோள்ல ஒரு நொடி நின்னு வழுக்கிருச்சு. பூசாரி குளிச்சு முழுகிட்டு வந்தாரு, நிக்கலை. லூர்துசாமி, கண்டக்டரு, ரெண்டு வாத்தியாரு, யாருகிட்டயும் நிக்கலை. மேடம் தோள்லயே நிக்கலை, பாவம். நாலு நாளாச்சு, குட்டி வாடுது. நான் மட்டும் போகலை. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போவேன்?

அஞ்சாம் நாளு காலையில பவளமே உள்ளங்கையில குட்டிய ஏந்திக்கிட்டு மூட்ட அறைக்கு எட்டத்துலயே நின்னு கூப்பிட்டா. "அக்கா, அங்க இருந்து கைய நல்லாக் கழுவிட்டு வெளிய வா. தோளைக் காட்டு."

"எனக்கு எதுக்குடி? ஊரே இருக்கு."

"ஊருக்குப் படம் வேணும். ஒனக்குத்தானக்கா செடி வேணும்னு இருந்துச்சு."

"என்னடி சொல்ற?"

"பழம் நசுங்கி, ராவும் பகலும் கழுத்தெல்லாம் எறும்பு. பத்து நாளு. நான் என்ன கட்டையா, தெரியாம இருக்க?"

"தெரிஞ்சுமா சாஞ்சு தூங்குன? தெரிஞ்சுமா பழிய ஏத்துக்கிட்ட? எடுத்து வீச வேண்டியதுதானடி!"

அவ உள்ளங்கையில இருந்த குட்டியப் பாத்தா. அப்புறம், "நாலு வருசம் ஆச்சுக்கா, குனிஞ்சு. போத்திராஜு பக்கம் திரும்பிப் படுத்து. மொத நாளே எடுத்து வீசியிருக்கலாம். வீசலை. அதைக் கொன்னது நீ மட்டும் இல்லைக்கா"ன்னா.

அப்புறம் ரெண்டு பேரும் அழுதோம், சத்தமா, மூக்கு ஒழுக, பின்வாசல்ல. அழுதுகிட்டே என் ஜாக்கெட்டுத் தோளை அவ எறக்கிவிட்டு, நாலு வருசமா வலிச்ச அதே இடத்துல குட்டிய வச்சா. சில்லுன்னு இருந்துச்சு. வேரு ஒரு விரல் நீட்டித் தடவிப் பாத்துச்சு, பிடிச்சுக்கிச்சு. வலி போயிருச்சு, யாரோ விளக்கை அணைச்சாப்புல.

மேடம் வந்தப்போ ஊர்க் கூட்டத்துல வச்சு நான் உண்மையச் சொன்னேன். என் பங்கை மட்டும் சொன்னேன், பவளம் பங்கு பவளத்தோடது. ஊரு என்னை ஒரு வாரம் திட்டுச்சு, அடுத்த வாரம் லூர்துசாமி எனக்கு அளவு எடுத்தாரு, பூசாரி கல்லை நகர்த்திப் போட்டாரு. இப்போ நான்தான் குனியறதில்லை. வாசல்ல ஆளு நிக்குது, தவளை வந்துருச்சு, போன மாசம் பேப்பர்ல முழுசா வந்தேன், ரெண்டு முழங்கையோட.

ஆனா மூட்ட அறைப் பக்கம் போகக்கூடாது. இன்னும் பதினொரு வருசம். வேலிக்கு இந்தப் பக்கம் நாப்பது அடி தள்ளி ஒரு கல்லு போட்டுக் குடுத்திருக்காக, அங்க உக்காந்து பாப்பேன். பவளம்தான் இப்போ மூட்டம் போடுறா. தாரை ரெண்டு தோள்லயும் மாத்தி மாத்தித் தூக்குறா, முடி தொங்கக் குனிஞ்சு சட்டிய ஊதுறா, கதவுல மூக்கை வச்சு மூச்சு இழுக்குறா, தெறக்குறா. சந்தையில எல்லாரும் சொல்றாகளாம், நல்லக்கா போட்டதை விட இது ஒரு படி மேலன்னு. காத்து இந்தப் பக்கம் திரும்பினா மேடம் எந்திரிச்சு ஓடச் சொல்லியிருக்காக, ஓடுறேன், ஓடுறதுக்கு முன்னாடி ஒரே ஒரு மூச்சு இழுத்துக்குறேன். என் மூட்டம், என் வாசம். இப்போ கொஞ்ச நாளா வலது தோள்ல லேசா வலி எடுக்குது.

செடி வச்ச அன்னிக்குச் சாயங்காலமே பவளம் எனக்கு ஒரு தலகாணி தச்சுக் குடுத்துட்டா. நல்ல இலவம்பஞ்சு, பூப் போட்ட துணி, கழுத்துக்கு அம்புட்டு எதமா இருக்கும். அவ மனசு எனக்குத் தெரியும், அப்படிப்பட்டவ இல்லை அவ, அது எனக்கு நல்லாவே தெரியும். இருந்தாலும் தினமும் சாயுறதுக்கு முன்னாடி தையலப் பிரிச்சு, கைய உள்ள விட்டு, மூலை மூலையாத் துழாவிப் பாத்துட்டு, மறுபடி தச்சு வச்சுத்தான் தலைய வைக்குறேன். நாலு வருசம் ஆச்சு. இன்னிக்கு வரைக்கும் உள்ள பஞ்சுதான் இருக்கு.